மெடூசாவை நேரே காட்டாத ஒரு பெர்சியஸ் புத்தகம்

பாம்புமுடி கொண்ட மெடூசாவின் தலையை வெட்டிவரும் கிரேக்க வீரன் பெர்சியஸ், அவன் கதையை 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கான தமிழ்ப் படப் புத்தகமாகச் செய்யும் வேலை ஒருவழியாக முடிந்தது. 8 அங்குலச் சதுரம், அட்டையோடு சேர்த்து 32 பக்கம், நடுவில் பின் அடித்தது. 50 பிரதி அச்சிட்டிருக்கிறேன். எழுத்து, படம், பக்க வடிவமைப்பு மூன்றும் நான். அச்சும் வெட்டும் மட்டும் வெளியே கொடுத்தேன். கிரேக்க வீரர் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆசைப்படுகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று, வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் கையில் எடுத்தது ஹெராக்ளிஸ் (ஹெர்குலிஸ்). பன்னிரண்டு சாகசம், ஒவ்வொன்றுக்கும் எதிரெதிர் இரண்டு பக்கம் என்று கணக்குப் போட்டால் 24 பக்கம் தானாக நிரம்பிவிடும் என்று தோன்றியது. வரைந்து பார்த்தால் கதை நகரவே இல்லை. சிங்கம் வந்தது, கொன்றான். பாம்பு வந்தது, கொன்றான். மான் வந்தது, பிடித்தான். பட்டியல் வாசித்தது போலவே இருந்தது. இன்னொரு பெரிய சிக்கல் தொடக்கத்திலேயே இருக்கிறது. பித்துப் பிடித்த நிலையில் தன் பிள்ளைகளைத் தானே கொன்றுவிட்டு, அந்தப் பாவம் தீரத்தான் அவன் அந்த வேலைகளையெல்லாம் செய்கிறான். அதை எடுத்துவிட்டால் அவன் ஏன் இவ்வளவு பாடுபடுகிறான் என்பதற்குக் காரணம் இல்லாமல் போகிறது. வைத்தால் எட்டு வயதுப் பிள்ளை அடுத்த பக்கத்துக்கு வராது. அதனால் அதை மூடி வைத்துவிட்டு பெர்சியஸுக்கு வந்தேன்.

பெர்சியஸ் கதையில் ஒரு குழந்தை பிறக்கிறது, கடலில் விடப்படுகிறது, வளர்கிறது, அம்மாவைக் காப்பாற்றக் கிளம்புகிறது, திரும்பி வருகிறது. ஒரே கயிறு, முதலிலிருந்து கடைசி வரை. அதைவிட முக்கியமாக, இந்தக் கதையின் உயிரே பார்ப்பதிலும் பார்க்காமல் இருப்பதிலும்தான் இருக்கிறது. மூன்று கிழவிகளுக்குப் பொதுவாக ஒரே கண். போட்டால் ஆளே தெரியாத தொப்பி. பார்த்தால் கல்லாக்கும் மெடூசாவின் முகம். அந்த முகத்தைப் பார்க்காமல் பார்க்க ஒரு கேடயம். படப் புத்தகத்துக்கென்றே யாரோ கட்டி வைத்த கதை என்று தோன்றியது.

எழுத்துக்கு அடிப்படையாக வைத்துக்கொண்டது இரண்டு. அப்பொல்லோடோரஸ் பெயரில் கிடைக்கும் கிரேக்கத் தொகுப்பு, அப்புறம் ரோமானியக் கவி ஓவிட் எழுதியது. முதலாவது வறண்ட சுருக்கம். ஆனால் எது எதற்குப் பின் நடந்தது என்பது தெளிவாக இருக்கும். ஓவிடிடம் காட்சி கிடைக்கும். இரண்டும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது. மெடூசா ஏன் அப்படி ஆனாள் என்று ஓவிட் சொல்லும் காரணம் இந்த வயதுக்கு ஏற்றதில்லை, அதனால் விட்டுவிட்டேன். அவருக்குப் பல நூற்றாண்டு முந்திய ஹெசியட், மூன்று கோர்கன் சகோதரிகளில் மெடூசாவுக்கு மட்டும்தான் சாவு உண்டு என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பெயர்களைக் குறைப்பது அடுத்த வேலை. முழுக் கதையில் பெயர்கள் குவிந்து கிடக்கின்றன. ஒரு பெயர் இரண்டு பக்கத்துக்கு மேல் தேவைப்படாவிட்டால் அதை எடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். மூன்று கிழவிகளுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு, போய்விட்டது. பெட்டியைக் கரையேற்றி வளர்க்கும் மீனவன் டிக்டிஸ் மட்டும் இரண்டு பக்கமே வந்தாலும் இருக்கட்டும் என்று விட்டேன். கதையில் எல்லோரும் ஆளுக்கொன்று கேட்கும்போது, ஒன்றும் கேட்காமல் கொடுக்கிறவன் அவன் ஒருவன்தான். அவன் பெயர் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

எழுதும்போது அதிக நேரம் பிடித்தது பெட்டிக் காட்சி. என் முதல் வரைவு இது:

“ஆர்கோஸ் நாட்டு மன்னன் அக்ரிசியஸ், தன் பேரனால் தனக்கு மரணம் நேரும் என்ற தெய்வவாக்கைக் கேட்டு அஞ்சி, மகள் டனாயியையும் அவளது கைக்குழந்தை பெர்சியஸையும் ஒரு மரப்பெட்டியில் அடைத்துக் கடலில் விட்டான்.”

தகவல் எல்லாம் சரி. ஆனால் வாய்விட்டுப் படித்தால் மூச்சு வாங்குகிறது. பெட்டிக்குள் இருப்பவர்கள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. சிமோனிடிஸ் என்ற பழைய கிரேக்கக் கவிஞரின் பாடல் துண்டு ஒன்று எஞ்சியிருக்கிறது. அதில் டனாயி பெட்டிக்குள் இருந்தபடி குழந்தையிடம் பேசுகிறாள். வெண்கல ஆணி அடித்த பெட்டி, உள்ளே இருட்டு, வெளியே காற்றும் அலையும். குழந்தை ஒன்றும் அறியாமல் தூங்குகிறது. தூங்கு என்கிறாள் அவள். கடலும் தூங்கட்டும், நம் அளவில்லாத துயரமும் தூங்கட்டும் என்கிறாள். அதைப் படித்த பிறகு மன்னனையும் தெய்வவாக்கையும் முந்தைய பக்கத்துக்கு அனுப்பிவிட்டு இந்தப் பக்கத்தை இப்படி மாற்றினேன்:

“பெட்டிக்குள் இருட்டு. வெளியே அலை. டனாயி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பாடினாள். தூங்கு கண்ணே, தூங்கு. கடலும் தூங்கட்டும். நம் கஷ்டமும் தூங்கட்டும்.”

இரண்டு பக்கமும் கறுப்பு, நடுவில் சின்னதாகப் பெட்டி. ஆணிகளை மட்டும் மஞ்சளாகப் புள்ளி வைத்தேன். புத்தகத்திலேயே எனக்குப் பிடித்த விரிப்பு (எதிரெதிர் இரண்டு பக்கம்) இதுதான்.

இனி படம். தொடக்கத்தில் நீர்வண்ணத்தில் வரைந்தேன். மெடூசா பச்சையாக வந்தாள், பெர்சியஸ் கார்ட்டூன் வீரன் மாதிரி வந்தான். எங்கோ பார்த்த படமாகவே எல்லாம் இருந்தது. கிரேக்கர்களே இந்தக் கதையை எப்படி வரைந்தார்கள் என்று தேடிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். அருங்காட்சியகங்களின் இணையப் படங்களே இதற்குப் போதும்.

எலூசிஸ் அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய சாடி இருக்கிறது. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது, உயரம் 1.42 மீட்டர். ஒரு சிறுவனை அடக்கம் செய்யப் பயன்பட்ட சாடி அது. தலையில்லாத மெடூசா பூக்களுக்கு நடுவே மிதக்கிறாள். அவள் சகோதரிகள் துரத்துகிறார்கள். அவர்கள் தலைகள் கொப்பரை மாதிரி, சுற்றிலும் பாம்புகள். ரத்தக் களறி இல்லை. பயம் இருக்கிறது. பெர்லினில் உள்ள கொரிந்தியச் சாடி ஒன்றில் பெர்சியஸ் கடல் அரக்கன் மேல் கல்லை எடுத்து எறிகிறான். பின்னால் அவன் காப்பாற்றும் இளவரசி ஆண்ட்ரோமீடா நிற்கிறாள், பெயர்களும் பக்கத்திலேயே எழுதியிருக்கின்றன. ஓவிடின் கதையில் அவன் வாளால் குத்துவான். பிள்ளைகளுக்குக் கல்லெறிதான் சரி என்று அதையே எடுத்துக்கொண்டேன். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகச் சாடி ஒன்றில், கி.மு. 450க்குப் பிந்தைய காலம், மெடூசா அழகான பெண்ணாகத் தூங்குகிறாள். பெர்சியஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனக்குத் துணைநிற்கும் தேவி ஏதெனாவைப் பார்க்கிறான்.

இன்னொன்றும் கவனித்தேன். இந்தச் சாடிகளில் மனிதர்கள் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் பார்ப்பார்கள். கோர்கன் மட்டும் நேரே நம்மைப் பார்ப்பாள். அவளை வேறு மாதிரி காட்ட அந்த ஓவியர்களுக்கு இது ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது. நானும் புத்தகம் முழுக்க எல்லோரையும் பக்கவாட்டிலேயே வரைந்தேன்.

கரும் உருவச் சாடிகளில், உருவத்தைக் கறுப்பாகத் தீட்டிவிட்டு உள்கோடுகளைக் கூரிய முனையால் கீறி எடுப்பார்கள். கீறிய இடத்தில் மண்ணின் நிறம் தெரியும். அதே முறையை வீட்டில் செய்ய முடியுமா என்று பார்த்தேன். ஆயில் பாஸ்டல் பூசி மேலே கறுப்பு அடித்தது சரிவரவில்லை. கீறும்போது மெழுகு திரண்டு கோடு தடித்துவிடுகிறது. வேலைக்கு ஆனது இந்த முறை:

2 மி.மீ. மவுண்ட் போர்டை 9 அங்குலச் சதுரமாக வெட்டிக்கொள்ள வேண்டும். சாதாரணத் தாள் வேண்டாம், வளைந்து கறுப்பு வெடிக்கும். ஜெஸ்ஸோவில் (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) சுட்ட செங்கல் நிறம் வரும்படி அக்ரிலிக் கலந்து, மெல்லியதாக மூன்று பூச்சு. ஒவ்வொரு பூச்சும் முழுக்கக் காய்ந்த பிறகு 400 நம்பர் எமரித் தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். உருவத்தின் வெளிக்கோட்டைப் பென்சிலில் போட்டு, உள்ளே மட்டும் இந்தியன் இங்க் தீட்ட வேண்டும். இங்க் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டால் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்தால் சரியாகிவிடும். ஒரு ராத்திரி காயவிட்டு மறுநாள் காம்பஸ் முனையால் கீறலாம். மழை நாளில் இரண்டு ராத்திரி. மெல்லிய கோட்டுக்குக் காம்பஸ் முனை, பாம்புச் செதிலுக்கு வளைந்த நிப், முடிக்குப் பழைய சீப்பின் உடைந்த பல். கைக்கு அடியில் ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். விரல் வியர்வை பட்டாலே கறுப்பு மங்கிவிடும்.

வண்ணம் மொத்தம் நான்கு. செங்கல், கறுப்பு, வெள்ளை, மஞ்சள். மஞ்சளைத் தெய்வங்கள் கொடுத்த பொருட்களுக்கும் டனாயி பக்கங்களுக்கும் மட்டும் வைத்தேன். ஹெர்மிஸ் கொடுத்த வளைவாள், சிறகு முளைத்த செருப்பு, ஏதெனாவின் கேடயம், டனாயி மேல் பெய்த பொன்மழை. பழைய ஓவியர்கள் பெண்களின் தோலுக்கு வெள்ளை அடிப்பார்கள். ஏதெனாவுக்கு அப்படியே செய்தேன். ஆண்ட்ரோமீடாவுக்குச் செய்யவில்லை. அவள் எத்தியோப்பிய அரசன் செஃபியஸின் மகள். ஓவிடே அவளைக் கறுத்தவள் என்கிறார். ஓரிடத்தில் பெர்சியஸ் அவளைக் கறுத்த இந்தியர்களிடமிருந்து கொண்டுவந்ததாகக்கூடச் சொல்கிறார். பிற்கால ஐரோப்பிய ஓவியங்களில் அவளை வெள்ளையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். என் புத்தகத்தில் அவள் கறுப்பு உருவம், கீறிய கோடுகளில் நகை.

இப்போது நடுப்பக்கம். உள்ளே 28 பக்கம் என்றால் நடுவிரிப்பு 14, 15. பின் அடிக்கும் புத்தகத்தில் இந்த இரண்டு பக்கம் மட்டும்தான் ஒரே தாளில், ஒட்டாமல் வெட்டாமல் வரும். மற்ற விரிப்புகளில் இடமும் வலமும் வேறு வேறு தாள். ஒரு மில்லிமீட்டராவது ஏறி இறங்கும். அதனால் மெடூசா காட்சியை இங்கே கொண்டுவரும்படி முன்னும் பின்னும் கதையை இழுத்துப் பிடித்தேன்.

மாதிரிப் புத்தகத்தில் மெடூசாவின் முகத்தைப் பக்கம் முழுக்க வரைந்திருந்தேன். தெருப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். பார்த்தார்கள், பாம்பை எண்ணினார்கள், பக்கத்தைத் திருப்பினார்கள். பார்த்தால் கல்லாகிவிடுவாய் என்று கதை சொல்கிறது. படமோ நன்றாகப் பார் என்று நீட்டுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. மாற்றி வரைந்தபோது, 12–13இல் பெர்சியஸ் பறந்து வருவதைப் பின்பக்கத்திலிருந்து காட்டினேன். ஏதெனா சொல்கிறாள்: “திரும்பாதே. கேடயத்தை மட்டும் பார்.” பக்கத்தைத் திருப்பினால் இடப்பக்கம் அவன் முகம், கண் கீழே. வலப்பக்கம் கேடயம் 6 அங்குல வட்டமாக. முகம் அதற்குள் மட்டும், நேரே நம்மைப் பார்த்தபடி. பக்கத்தின் மீதி முழுக்கக் கறுப்பு.

அக்கா மகள் இந்தப் பக்கத்துக்கு வந்ததும் புத்தகத்தைச் சாய்த்து, கேடயத்தின் விளிம்புக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். “மாமா, நெஜ மெடூசா எங்க நிக்குது? நம்ம பின்னாடியா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பியும் பார்த்தாள். கண்ணாடியில் தெரிகிற உருவம் நம் பக்கம்தானே நின்றாக வேண்டும். அந்த யோசனை எனக்கு வரைந்தபோது வரவில்லை. அதற்குப் பிறகு 14ஆம் பக்கத்தின் அடியில் தூங்குகிற ஒரு கையின் நிழல் மட்டும், வாசிக்கிறவர் உட்கார்ந்திருக்கும் பக்கமிருந்து நீள்வதுபோல் சேர்த்தேன்.

வெட்டுவதை வரையவில்லை. 16–17இல் மெடூசாவின் தலையைப் போட்ட பை மூடியிருக்கிறது. மெடூசாவின் உடலிலிருந்து பிறந்த பெகாசஸ் என்ற குதிரை சிறகு விரித்து எழுகிறது. கோர்ஃபு தீவின் ஆர்ட்டெமிஸ் கோயில் முகப்பில் மெடூசாவின் பக்கத்தில் பெகாசஸ் நிற்பதைப் பார்த்த தைரியத்தில், கொலையைவிட பிறப்புக்கு இடம் கொடுத்தேன். என்ன நடந்தது என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் புரிகிறது. யாரும் கேட்கவில்லை.

எதிர்பாராமல் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது பவளப் பக்கம். அரக்கனைக் கொன்றபின் கை கழுவ வேண்டும். பைக்குள் இருப்பதை வெறும் மணலில் வைக்க மனமில்லாமல் பெர்சியஸ் இலையும் கடற்பாசியும் பரப்பி அதன் மேல் வைக்கிறான். பாசி இறுகிக் கல்லாகிறது. கடல் தேவதைகள் அதைப் பார்த்து இன்னும் இன்னும் கொண்டுவந்து போடுகிறார்கள். பவளம் அப்படித்தான் உண்டானது என்கிறார் ஓவிட். நான் இதை ஒரு ஓரத்தில் வைத்திருந்தேன். பிறகு முழு விரிப்பாக்கினேன்.

பக்கம் கட்டுவது இன்டிசைன் மென்பொருளில். தமிழுக்கு அதில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொ’ ‘கோ’ எல்லாம் கொம்பு இடம் மாறி வந்துவிடும். எழுத்துரு முக்தா மலர், 17 பாயின்ட். கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து வரும் பக்கங்கள் ஏழு இருந்தன; மாதிரி அச்சில் அங்கே புள்ளிகள் அடைபட்டு, ‘க்’ எல்லாம் ‘க’ ஆகிவிட்டது. அப்போதுதான் படிக்கப் பழகும் பிள்ளைக்கு இது பெரிய இடைஞ்சல். அந்தப் பக்கங்களில் மட்டும் 19 பாயின்ட், செமிபோல்டு, எழுத்துக்கு இடையில் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்ததும் தெளிந்தது. படங்களை ஏ4 ஸ்கேனரில் 600 டிபிஐயில் எடுத்து, வெட்டுக்கு விடும் ஓரத்தோடு 8.25 அங்குலமாக, 300 டிபிஐக்குக் குறைத்தேன்.

அச்சு, 12க்கு 18 அங்குல டிஜிட்டல் தாள். இரண்டு பக்கம் சேர்ந்த 16.25 அங்குலம் அதில் ஒருமுறை அடங்கும். மிஞ்சும் பட்டையில் புத்தகக் குறிகள் அடித்துக்கொண்டேன். முதல் மாதிரி 170 ஜிஎஸ்எம் (தாளின் கனத்துக்கான அளவு) ஆர்ட் தாளில். மடித்ததும் நடுவிரிப்பின் கறுப்பு மடிப்போரமாக வெடித்து வெள்ளைக் கோடு தெரிந்தது. டோனர் (அச்சு மைத்தூள்) தாளுக்குள் இறங்காமல் மேலேயே படிந்திருப்பதால் கனத்த கறுப்பில் இப்படி ஆகும் என்றார் அச்சகத்துத் தம்பி. 130 ஜிஎஸ்எம் மேட் தாளுக்கு மாறி, மடிப்பதற்கு முன் கிரீசிங் (மடிப்புக்கோடு அழுத்துவது) போட்டபின் கோடு கிட்டத்தட்ட மறைந்தது. அடிக்கும் பின் இரண்டும் முகத்துக்கும் கேடயத்துக்கும் நடுவே வெற்றிடத்தில் விழும்படி முன்பே அளந்து வைத்திருந்தேன், அது சரியாக வந்தது.

செலவு: போர்டு, ஜெஸ்ஸோ, இங்க், நிப் எல்லாம் சேர்த்துச் சுமார் 3,400 ரூபாய். மாதிரி அச்சுகளுக்கு 1,500. ஒரு பிரதிக்கு உள்பக்கம் 7 தாள், இரு பக்கமும் அச்சு, பக்கத்துக்கு 18 வீதம் 252. லாமினேஷனோடு அட்டை 45. கிரீசிங், பின், வெட்டு 35. மொத்தம் 332. ஐம்பது பிரதிக்கு 16,600. வாங்கிக் கொடுக்கிறவர்களுக்கு இது அதிக விலை. ஆஃப்செட்டில் ஆயிரம் போட்டால் பாதிக்கும் கீழே இறங்கும். அதற்கு இன்னும் ஆர்டர் சேரவில்லை.

கதையின் முடிவைப் பற்றி இரண்டு மனதாக இருந்தேன். லாரிசாவில் விளையாட்டுப் போட்டியில் பெர்சியஸ் வீசிய வட்டு தவறிப் போய்த் தாத்தா அக்ரிசியஸ் மேல் படுகிறது, தெய்வவாக்கு பலித்துவிடுகிறது. எடுத்துவிடலாம் என்றார்கள் சிலர். வைத்தேன். பயந்து ஓடிய தாத்தாவும் கெட்ட எண்ணமே இல்லாத பேரனும் ஒரே மைதானத்தில் சந்திப்பதை விட்டுவிட்டால் தொடக்கத்தில் வந்த பெட்டிக்கு விடை இல்லை. அதன்பின் ஆர்கோஸை ஆள அவனுக்கு வெட்கமாக இருந்தது, அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு டிரின்ஸ் நகரத்தைப் பெற்றுக்கொண்டான் என்று அப்பொல்லோடோரஸ் சொல்வதையும் ஒரு வரியில் சேர்த்தேன்.

28ஆம் பக்கம் நட்சத்திரப் படம். டிசம்பர் மாதம் இரவு எட்டு மணி வாக்கில் நம் ஊர் வடக்கு வானில் காசியோப்பியா நட்சத்திரக் கூட்டமும், அதற்குக் கிழக்கே பெர்சியஸ் கூட்டமும் தெரியும். பெர்சியஸ் கையிலிருக்கும் மெடூசாவின் தலையாகச் சொல்லப்படும் அல்கோல் நட்சத்திரம் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கிப் பிரகாசிக்கும். ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்களில் மங்கலானது மற்றதை மறைப்பதால் அப்படி. வெறும் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

அடுத்த அச்சுக்கு மாற்ற வேண்டியவை: நடுவில் இருக்கும் தாள்கள் ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளுவதால் பக்க எண்கள் விளிம்பை ஒட்டிப் போயிருக்கின்றன, அவற்றை 5 மி.மீ. உள்ளே நகர்த்த வேண்டும். மூன்று கிழவிகள் பக்கத்தில் கண் யார் கையில் இருக்கிறது என்பது தெளிவாக இல்லை, அந்த போர்டைத் திரும்பக் கீற வேண்டும். அதற்கான போர்டில் இரண்டாவது பூச்சு இப்போது காய்ந்துகொண்டிருக்கிறது.